வயதான காற்றாலைப் பண்ணை: ஓட்டுவதா, ஒட்டுப்போடுவதா, பிடுங்கி நடுவதா?

காற்றாலைக்கு 20 வயது ஆனதும் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ‘இனி பழைய இரும்புக்குத்தான்’ என்பது ஒன்று. ‘எண்ணெய் மாற்றினால் இன்னும் 20 ஆண்டு ஓடும்’ என்பது மற்றொன்று. இரண்டு கட்சியின் கையிலும் பெரும்பாலும் கணக்கு இருக்காது. 20 ஆண்டு என்பது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 61400-1 தரநிலை வடிவமைப்பாளரிடம் கேட்கும் குறைந்தபட்ச ஆயுள். அந்த ஆயுளை எந்தக் காற்றுக்குக் கணக்கிட்டார்கள் என்பதுதான் கேள்வி. முதல் வகுப்பு இயந்திரம் நொடிக்கு 10 மீட்டர் ஆண்டுச் சராசரிக் காற்றைத் தாங்கச் செய்யப்பட்டது. இரண்டாம் வகுப்புக்கு 8.5, மூன்றாம் வகுப்புக்கு 7.5. முதல் வகுப்பு இயந்திரம் 7 மீட்டர் காற்றில் நின்றிருந்தால் 20 ஆண்டுக்குப் பிறகும் அதில் தெம்பு நிறைய மிச்சமிருக்கும். மூன்றாம் வகுப்பை மலைக் கணவாயின் கொந்தளிப்பில் நிறுத்தியிருந்தால் 15 ஆண்டு தாண்டியதே பெரிது.

எதிரே இருக்கும் வழிகள் மூன்று. இருப்பதைச் சோதித்து, பழுது நீக்கி ஓட்டுவது. கோபுரத்தையும் அஸ்திவாரத்தையும் வைத்துக்கொண்டு மேலே உள்ளதை மட்டும் மாற்றுவது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பெரிய இயந்திரங்களை நடுவது. பண்ணையையே மூடிவிடுவது நான்காவது வழிதான்; ஆனால் காற்று மோசமான இடத்துக்கும் மின்தொடர்பு கைவிட்டுப் போன இடத்துக்கும் தவிர அதற்கு அவசியம் வராது. 20 ஆண்டு ஓடிய பண்ணையில் இயந்திரம் தேய்ந்திருக்கும். காற்றும், நிலமும், துணைமின் நிலையத்தில் ஒதுக்கப்பட்ட மெகாவாட்டும் தேயவில்லை.

நாற்பது போய் மூன்று

ஒரு மாதிரிப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். 225 கிலோவாட் இயந்திரங்கள் நாற்பது, சுழலியின் (இறக்கைகள் சுற்றும் வட்டத்தின்) விட்டம் 27 மீட்டர், கோபுரம் 30 மீட்டர். காற்று வரும் திசைக்குக் குறுக்காகப் பத்து பத்தாக நான்கு வரிசை. பக்கவாட்டு இடைவெளி 5 விட்டம், அதாவது 135 மீட்டர். வரிசைக்கு வரிசை 7 விட்டம், 189 மீட்டர். மொத்தத் திறன் 9 மெகாவாட்.

அதே நிலத்தில் 140 மீட்டர் சுழலியும் 120 மீட்டர் உயரமும் கொண்ட 3 மெகாவாட் இயந்திரங்கள் எத்தனை நிற்கும்? வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை 1,215 மீட்டர். அதில் மூன்றை நிறுத்தினால் இடைவெளி 607 மீட்டர், 4.3 விட்டம். பக்கவாட்டில் 3 முதல் 5 விட்டம் போதும் என்பதால் இது சரி. பின்னால் இன்னொரு வரிசை போட 7 விட்டம், 980 மீட்டர் வேண்டும், இருப்பதோ 567. ஆக மூன்றுதான். மொத்தத் திறன் அதே 9 மெகாவாட்.

பெரிய இயந்திரம் வைத்தால் அதே நிலத்தில் திறன் பல மடங்காகும் என்று சொல்வதை இந்த இடத்தில்தான் கிள்ளிப் பார்க்க வேண்டும். திறன் கூடாமலே போகலாம், கூடுவது யூனிட். பழைய இறக்கை வட்டம் ஒன்று 573 சதுர மீட்டர், நாற்பதும் சேர்ந்து 22,900. புதியது ஒன்றே 15,394, மூன்றும் சேர்ந்து 46,200. காற்றை வாரும் பரப்பு இரண்டு மடங்கு. அடுத்தது உயரம். திறந்த சமவெளியில் காற்று வேகம் உயரத்தின் ஏழில் ஒரு பங்கு அடுக்காகக் கூடும் என்ற வழக்கமான விதிப்படி, 30 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்குப் போனால் வேகம் 1.22 மடங்கு. காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படி என்பதால் அது 1.8 மடங்கு. மூன்றாவது, பலர் கவனிக்காதது: பழைய இயந்திரத்தில் ஒரு சதுர மீட்டர் வட்டத்துக்கு 393 வாட் ஜெனரேட்டர், புதியதில் 195 வாட்தான். வட்டத்தோடு ஒப்பிட்டால் ஜெனரேட்டர் சிறியது, அதனால் மிதமான காற்றிலேயே முழுத் திறனைத் தொட்டுவிடும். பயன்பாட்டு விகிதம் (ஆண்டு முழுக்க முழுத் திறனில் ஓடினால் கிடைப்பதில் உண்மையில் கிடைக்கும் பங்கு) 18 விழுக்காட்டிலிருந்து 38 ஆனால், ஆண்டு உற்பத்தி 1.42 கோடி யூனிட்டிலிருந்து சுமார் 3 கோடியாகும். கம்பியும் துணைமின் நிலையமும் அதே 9 மெகாவாட்டுக்கானவைதான்.

ஒரு எச்சரிக்கை. ஏழில் ஒரு பங்கு விதி மலைமுகட்டுக்குப் பொருந்தாது. முகட்டின் மேல் ஏறும் காற்று தரையை ஒட்டியே வேகம் பிடித்துவிடுவதால், மேலே போகப் போகக் கிடைக்கும் லாபம் சொற்பம். சில முகடுகளில் உயரமான கோபுரத்துக்குக் கொடுக்கும் காசு வீண்.

இருப்பதையே ஓட்டுவது

ஆயுள் நீட்டிப்புக்கு இரண்டு பாதி உண்டு: ஏட்டுக் கணக்கு, நேரடிச் சோதனை. சான்றளிப்பு நிறுவனமான டிஎன்வி வெளியிட்ட 0262 எண் தரநிலை இரண்டையும் விளக்குகிறது. ஒன்றை மட்டும் செய்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

ஏட்டுக் கணக்கின் சாரம் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் பொருள் மெல்ல வலுவிழப்பது. நிமிடத்துக்கு 20 சுற்று சுழலும் ஒரு இயந்திரம், நேரத்தில் 70 விழுக்காடு ஓடினால், 20 ஆண்டில் சுமார் 14.7 கோடி சுற்று சுற்றியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை ஒருமுறை மேலும் கீழும் வளைகிறது. சேதம் சுமையின் அடுக்காகக் கூடுவது: எஃகுக்கு அந்த அடுக்கு ஏறத்தாழ 4, கண்ணாடியிழை இறக்கைக்கு ஏறத்தாழ 10. வடிவமைத்ததைவிடச் சுமை 10 விழுக்காடு குறைவாக இருந்திருந்தால் எஃகின் ஆயுள் 1.5 மடங்கு, இறக்கையின் ஆயுள் கிட்டத்தட்ட 2.9 மடங்கு. 10 விழுக்காடு கூடுதலாக இருந்திருந்தால் 20 ஆண்டு இறக்கை 8 ஆண்டுக்குள் தீர்ந்திருக்கும். ஒரே பண்ணையிலும் எல்லா இயந்திரமும் ஒரே வயது அல்ல. முன்வரிசை சுத்தமான காற்றில் நிற்க, உள்வரிசைகள் முன்னால் நிற்பவை கலக்கிவிட்ட காற்றில் அடிபடுகின்றன. சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது உள்வரிசையிலிருந்து எடுக்க வேண்டும். வசதிக்காகச் சாலையோர இயந்திரத்தைத் தேர்வுசெய்வது பரவலான தவறு.

நேரடிச் சோதனையைக் கீழிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் அஸ்திவாரம் தோற்றால் மற்றதெல்லாம் பேசிப் பயனில்லை. எஃகு வளையத்தைக் கான்கிரீட்டில் புதைத்துக் கட்டிய பழைய அஸ்திவாரங்களில், வளையத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே பிளவு விழும். மழைநீர் உள்ளே போகும். கோபுரம் அசையும்போது நீரும் சிமென்ட் துகளும் சேர்ந்து சாம்பல் நிறக் கூழாக வெளியே வரும். கோபுர அடியில் அந்தக் கூழ் காய்ந்த தடம் தெரிந்தால், நல்ல காற்றடிக்கும் நாளில் அளவுமானி வைத்து வளையத்தின் அசைவைப் பதிவுசெய்ய வேண்டும். பிசின் செலுத்தி அடைக்கலாம், ஆனால் அடைத்தது மறுபடி திறப்பது உண்டு.

அடுத்தது போல்ட்டுகள். கோபுர விளிம்பு போல்ட்டில் இழுவிசை குறைந்தால், ஒவ்வொரு சுழற்சியின் சுமையும் நேரே போல்ட்டின் மேல் விழும். ஒன்று முறிந்தால் பக்கத்தில் உள்ளவை வரிசையாக முறியும். ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கைச் சோதிப்பது வழக்கம். ஆயுள் நீட்டிப்பில் முறிந்த போல்ட் ஒன்று கிடைத்தாலும் அந்த விளிம்பு முழுவதையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

கியர்பாக்ஸில் பற்களைவிட பேரிங்குகள்தான் முதலில் போகின்றன. அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் கியர்பாக்ஸ் ஆய்வுகளும் அதையே காட்டின. எண்ணெய் மாதிரியில் இரும்புத்துகள், நீர், துகள் எண்ணிக்கை மூன்றையும் பார்க்க வேண்டும். ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, கடைசி ஐந்தாறு மாதிரிகள் ஏறுமுகமா இல்லையா என்பதே பேசும்.

பழைய இயந்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு விடக்கூடாதது பிரேக். அந்தக் காலத்து இயந்திரங்களில் பெரும்பகுதி ஸ்டால் வகை: இறக்கையின் கோணம் மாறாது, காற்று மிகும்போது இறக்கை மேல் ஓட்டம் பிரிந்து திறன் தானாக அடங்கும். வேகம் எல்லை மீறினால் இறக்கையின் நுனி மட்டும் பிரிந்து குறுக்கே திரும்பி நிறுத்தும். டென்மார்க்கில் பொறியாளர் ஜோஹன்னஸ் ஜூல் 1957இல் கெட்ஸரில் நிறுத்திய 200 கிலோவாட் இயந்திரத்தின் வாரிசுகள் இவை. நல்ல ஏற்பாடுதான், நுனி திரும்பும் வரையில். உள்ளே ஓடும் கம்பி துருப்பிடித்தோ, தண்டு இறுகியோ போனால் புயலன்று இயந்திரத்தைப் பிடிக்க ஆளில்லை. 2008 பிப்ரவரியில் டென்மார்க்கின் ஹார்ன்ஸ்லெட்டில் பிரேக் பிடிக்காமல் கட்டுமீறிச் சுழன்று சிதறிய காற்றாலையின் காணொளியை உலகமே பார்த்தது. மூன்று நுனிகளையும் தனித்தனியே விடுவித்துப் பார்க்காமல் ஆயுள் நீட்டிப்புச் சான்று வாங்குவதில் பொருளில்லை.

இதெல்லாம் தேறினாலும் உற்பத்தி பழையபடி இருக்காது. பிரிட்டன் பண்ணைகளை வைத்து ஆய்வாளர்கள் ஸ்டாஃபெல், கிரீன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் உற்பத்தி ஆண்டுக்கு 1.6 விழுக்காடு வீதம் குறைந்தது. அந்த வீதம் 15 ஆண்டு நீடித்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இறக்கை முன்விளிம்பைச் செப்பனிட்டால் கொஞ்சம் மீளும். நாற்பதில் ஐந்தைக் கழற்றி, அவற்றின் கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், கட்டுப்பாட்டு அட்டைகளை உதிரிபாகமாக வைத்துக்கொண்டு முப்பத்தைந்தை ஓட்டுவது கைகண்ட வழி. கட்டுப்பாட்டு அட்டை தயாரிப்பே நின்றுபோன மாதிரிகளுக்கு வேறு வழியும் இல்லை.

ஒட்டுப்போடுவது

பாதி மாற்றம் அமெரிக்காவில் பெருகியதற்குக் காரணம் பொறியியல் மட்டும் அல்ல, வரி. புதிய பாகங்களின் மதிப்பு மொத்தத்தில் 80 விழுக்காடு இருந்தால் அந்த இயந்திரத்தைப் புதியதாகவே கருதி, 10 ஆண்டு உற்பத்தி வரிச்சலுகையை மீண்டும் முதலிலிருந்து கொடுத்தார்கள். அந்தச் சலுகை இல்லாத நாட்டில் அதே கணக்கு தேறும் என்று நினைக்கக் கூடாது.

தொழில்நுட்ப அளவில் இது 1.5 முதல் 2 மெகாவாட் வரையிலான, இறக்கைக் கோணம் மாறும் இயந்திரங்களுக்குப் பொருந்தும். 77 மீட்டர் சுழலியை எடுத்துவிட்டு 91 மீட்டர் போட்டால் பரப்பு 40 விழுக்காடு கூடும். கூடவே அஸ்திவாரத்தின் மீதான தள்ளுவிசையும் கூடும் என்பதால், முழுத் திறனை நெருங்கும் வேகத்தில் இறக்கையைச் சற்றுத் திருப்பி உச்சச் சுமையை வெட்ட வேண்டும். இன்னொரு கண்ணி அதிர்வு. மேலே எடை மாறினால் கோபுரத்தின் இயல்பு அதிர்வெண் மாறும். அது சுழலியின் சுற்று எண்ணிக்கையோடோ, அதன் மூன்று மடங்கோடோ பொருந்திவிட்டால் கோபுரம் ஊஞ்சலாடும். நமது 225 கிலோவாட் பண்ணைக்கு இந்த வழி மூடிய கதவு: 30 மீட்டர் கோபுரத்தில் ஏற்றத்தக்க புதிய சுழலியைச் செய்து தருவோர் அரிது.

பிடுங்கி நடுவது

பழைய பண்ணையில் 20 ஆண்டு உற்பத்திக் கணக்கு இருக்கிறதே, புதிதாகக் காற்றளவு எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கணக்கு 30 மீட்டர் உயரத்துக்கானது. கோபுர உச்சியில் ஜெனரேட்டரைக் கொண்ட கூடான நாசெல் மேலிருக்கும் காற்றுமானியோ சுழலிக்குப் பின்னால், கலைந்த காற்றில் நிற்பது. ஆகவே அளவுக்கம்பம் நட்டோ, லேசர் ஒளியால் காற்றை அளக்கும் லைடார் வைத்தோ குறைந்தது 12 மாதம் அளக்க வேண்டும். அதை நீண்டகாலத் தரவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். அளக்கும் காலத்தில் பழைய இயந்திரங்கள் ஓடிச் சம்பாதித்துக்கொண்டே இருக்கலாம்.

பழைய அஸ்திவாரம் உதவாது. வட்டப் பரப்பு 27 மடங்கு, உயரம் 4 மடங்கு என்றால் அதே காற்றழுத்தத்தில் கவிழ்க்கும் திருப்புவிசை நூறு மடங்குக்கு மேல். புதிய அஸ்திவாரம் 20 மீட்டர் விட்டத்தைத் தாண்டும், 400 முதல் 600 கனமீட்டர் கான்கிரீட் குடிக்கும். இதை நிறுத்தாமல் ஒரே வீச்சில் போட்டாக வேண்டும். 6 கனமீட்டர் கலவை வண்டிகள் 80 நடைக்கு மேல் வர வேண்டியிருக்க, நடுவில் கலவை ஆலை பழுதானால் இறுகிய கான்கிரீட்டோடு புதியது சரியாக ஒட்டாத கோல்டு ஜாயின்ட் விழும். மாற்று ஆலை ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் கான்கிரீட் நாளைக் குறிக்கவே கூடாது.

சாலை, கிரேன் பற்றிச் சுருக்கமாக: 68 மீட்டர் இறக்கை திரும்பும் வளைவு இருக்கிறதா என்பதை இயந்திரம் வாங்கும் முன் பார்க்க வேண்டும், வாங்கிய பின் அல்ல. இறக்கையைத் தூக்கக் காற்று நொடிக்கு 8 முதல் 10 மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்பதால், காற்றுப் பருவத்தில் நடும் வேலையை வைத்தால் கிரேன் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும்.

மின்கட்டமைப்புக் கண்ணோட்டத்தில் பழையதும் புதியதும் வேறு வேறு இனம். பழைய ஜெனரேட்டர் நேரே கம்பியில் மாட்டியது. எங்கோ பழுது வந்து மின்னழுத்தம் விழுந்தால் தொடர்பை அறுத்துக்கொள்ளும். மின்னழுத்தம் மீளும்போது தன் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரைக் கம்பியிலிருந்து உறிஞ்சி மீட்சியைத் தாமதப்படுத்தும். மின்னணு மாற்றி கொண்ட புதிய இயந்திரம் அந்தச் சில நூறு மில்லிநொடிகளைத் தாங்கி நின்று கைகொடுக்கும். ஆனால் புதியது என்பதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து மின்னழுத்தம் அடுத்தடுத்து விழுந்தபோது, ஒன்பது காற்றாலைப் பண்ணைகள் 7 நொடிக்குள் 456 மெகாவாட்டைக் குறைத்தன. மாநிலமே இருளில் மூழ்கியது. குறுகிய நேரத்தில் இத்தனை தடவைக்கு மேல் விழுந்தால் ஒதுங்கிக்கொள் என்ற பாதுகாப்பு அமைப்பு மென்பொருளில் இருந்ததே காரணம். இயந்திரத்தை ஏற்றுக்கொள்ளும் முன் இந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பெரிய இயந்திரத்துக்கு ஒரு நிரந்தரக் குறையும் உண்டு. நாற்பதில் ஒன்று நின்றால் போவது 2.5 விழுக்காடு. மூன்றில் ஒன்று நின்றால் மூன்றில் ஒரு பங்கு. அதன் கியர்பாக்ஸ் காற்றுப் பருவத்தில் போனால் பெரிய கிரேனுக்கும் அமைதியான வானிலைக்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். இருந்தும், சமவெளியில் நிற்கும் 500 கிலோவாட்டுக்குக் குறைந்த ஸ்டால் இயந்திரங்களுக்கு இந்த வழியே மேல். மிதமான காற்றில் நின்ற, கோணம் மாறும் மெகாவாட் இயந்திரங்களை இன்னும் 5 முதல் 10 ஆண்டு ஓட்டிவிட்டு முடிவெடுக்கலாம், அவசரமில்லை.

ஊர் கேட்கும் கேள்விகள்

சத்தம் கூடுமா? ஒவ்வொரு இயந்திரமாகப் பார்த்தால் கூடும். சத்தம் இறக்கை நுனி வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டி ஏறுவது; நமது எடுத்துக்காட்டில் நுனி வேகம் நொடிக்கு 60 மீட்டரிலிருந்து 80 ஆகிறது. 105 டெசிபல் மூலத்திலிருந்து 500 மீட்டர் தள்ளி, பரவலால் மட்டும் அது 43 ஆகிவிடும். தூரம் இரட்டித்தால் இன்னும் 6 குறையும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018இல் பரிந்துரைத்த எல்லை பகல், மாலை, இரவு சேர்ந்த அளவில் 45. நாற்பது இயந்திரம் வீடுகளுக்கு நடுவே சிதறி நிற்பதைவிட மூன்றை ஒதுக்கி நிறுத்துவது எளிது என்பதுதான் உண்மையான ஆதாயம். எரிச்சல் பொய்யல்ல: கனடா சுகாதாரத் துறை 2014இல் வெளியிட்ட ஆய்வில், சத்தம் கூடக் கூட எரிச்சலும் கூடியது. அதே ஆய்வில், மக்கள் சொன்ன நோய்களுக்கும் காற்றாலைச் சத்தத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை.

சுழலும் இறக்கையின் நிழலில் நிலைமை கலவையானது. சிறிய இயந்திரம் நொடிக்கு இரண்டு தடவை நிழலை வெட்டும், பெரியது இரண்டு நொடிக்கு ஒரு தடவை. ஆனால் பெரியதன் நிழல் விட்டத்தின் பத்து மடங்கு, அதாவது 1,400 மீட்டர் வரை தொடும். சிறியதற்கு அது 270. ஜெர்மனியில் ஒரு வீட்டின் மேல் ஆண்டுக்கு 30 மணி, நாளுக்கு 30 நிமிடம் என்பது எல்லை. புதிய இயந்திரத்தில் அந்த நேரத்துக்கு மட்டும் தானாக நிற்கும்படி மென்பொருளில் எழுதலாம். இரவு விளக்கில் மட்டும் பழையதற்கே வெற்றி: 190 மீட்டர் உயரும் இறக்கைக்கு விமான எச்சரிக்கை விளக்கு தவிர்க்க முடியாதது.

பறவைகளுக்கு நல்லதா கெட்டதா என்பதற்கு ஒரு வரிப் பதில் இல்லை. பழைய இறக்கைகள் தரையிலிருந்து 16 முதல் 44 மீட்டர் வரை துழாவின. புதியவை 50 முதல் 190 வரை. தாழப் பறந்து வேட்டையாடும் பறவைக்கு வழி திறக்கிறது, உயரத்தில் வட்டமிடுவதற்கும் வலசை போவதற்கும் ஆபத்து வருகிறது. கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் கணவாயில் ஏராளமான சிறு இயந்திரங்கள் போய்ச் சில பெரியவை வந்தபோதும், கழுகுகளின் கதி ஒவ்வொரு இயந்திரமும் சரிவில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அமைந்தது. நார்வேயின் ஸ்மோலாவில் ஒரு இறக்கைக்குக் கறுப்பு பூசியபோது மோதல் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. பூசியது நான்கே இயந்திரங்களுக்கு என்பதால் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. வௌவாலுக்குத் தீர்வு தெளிவு. மெல்லிய காற்றடிக்கும் இரவுகளில், காற்று வேகம் சற்றுக் கூடிய பிறகே இயந்திரத்தைத் தொடங்கினால் போதும். பென்சில்வேனியாவின் கேசல்மனில் நடந்த சோதனையில் இறப்பு 44 முதல் 93 விழுக்காடு குறைந்தது, ஆண்டு உற்பத்தி இழப்போ ஒரு விழுக்காட்டுக்குள். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் இதை எழுதுவது பாடு.

கடைசியில் இறக்கைகள். எடையில் 85 முதல் 90 விழுக்காடு எஃகும் செம்பும் போன்றவை, அவற்றுக்கு வாங்குவோர் உண்டு. மிஞ்சுவது கண்ணாடியிழையும் இறுகிய பிசினும் சேர்ந்த 120 இறக்கைகள், உருக்கினால் உருகாது. சிமென்ட் சூளைக்கு அனுப்பினால் பிசின் எரிபொருளாகும், கண்ணாடி மணலின் இடத்தை நிரப்பும். பிசினைக் கரைத்து எடுக்கத்தக்க இறக்கையை சீமென்ஸ் கமேசா 2021இல் அறிமுகப்படுத்தியது. அது புதிதாக நடுவோருக்குத்தான் உதவும். கழற்றும் ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்க வேண்டும்: இறக்கையை நீர் தெளித்தபடிதான் அறுப்பது, அஸ்திவாரத்தைத் தரைக்குக் கீழ் எத்தனை மீட்டர் வரை உடைத்து எடுப்பது, சூளையின் எடைச்சீட்டு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது. மூன்றாவது வரி விடுபட்ட பண்ணைகளில் இறக்கைகள் வேலியோரத்திலேயே கிடக்கும்.